படகின் படுக்கை வேர்க்காமல் இருக்க: கொழும்பில் புதிதாகப் பலநாள் படகு எடுத்தவர்களுக்கு

முகத்துவாரத்திலோ திக்கோவிட்டவிலோ முதல்முறையாகப் பலநாள் படகு ஒன்றைப் பொறுப்பெடுப்பவர் எஞ்சினைப் பார்ப்பார், வலையைப் பார்ப்பார், ஐஸ் அறையைத் திறந்து பார்ப்பார். ஆட்கள் படுக்கும் இடத்தைக் கடைசியில்தான் எட்டிப் பார்ப்பார். பயணம் முடிந்து படகு கரைக்கு வந்ததும் முறைப்பாடு அங்கிருந்துதான் தொடங்கும். மெத்தை நனைந்து கிடக்கிறது, தலையணையில் கறுப்புப் பூஞ்சணம், விடியற்காலையில் சுவரிலிருந்து தண்ணீர் வழிகிறது, ஒருவருக்கு இருமல் விடவே இல்லை. கிழமைக்கணக்கில் கடலில் நிற்கும் ஆட்களுக்கு உலர்ந்த படுக்கை கொடுப்பது படகுக்காரரின் கடமை என்றே நான் நினைக்கிறேன்.

அண்ணாவின் படகுக்குக் கரை வேலைகளை நான்தான் பார்க்கிறேன். இந்த ஈரத்தோடு நிறையவே மல்லுக்கட்டிவிட்டோம். தேடினால் கிடைக்கும் ஆலோசனை எல்லாம் குளிர் நாட்டுக்காரர்கள் தங்கள் படகுகளுக்குச் சொல்வது. அங்கே கடல் குளிர், அதனால் படகின் உடலும் குளிர். ஹீட்டர் போட்டு ஜன்னலைக் கொஞ்சம் திறந்தால் சரியாகிவிடும். நம் கடல் 27 முதல் 30 பாகை வரை சூடாக இருக்கிறது. இங்கே குளிர்வது படகின் அடிப்பக்கம் இல்லை, படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் ஐஸ் அறையின் சுவர். அதனால் வேலையின் ஒழுங்கும் வேறு: முதலில் உப்பு, அடுத்து ஐஸ் சுவர், அப்புறம் மெத்தை, கடைசியில்தான் காற்று. இந்த ஒழுங்கை மாற்றினால் பணம் போகும், ஈரம் போகாது.

ஐஸ் அறை இல்லாத சிறிய கபின் படகு வைத்திருப்பவர்கள், பொல்கொட வாவியில் ஓடுபவை போல, நான்காம் படியை விட்டுவிட்டு மற்றதைச் செய்யலாம்.

1. எந்தத் தண்ணீர் என்று முதலில் பாருங்கள்

படுக்கையில் நிற்கும் தண்ணீர் மூன்று வழியில் வரும். மேல்தளத்தின் வெடிப்பாலோ ஆணித் துளையாலோ ஒழுகும் கடல்நீர், மழைநீர் ஒன்று. ஐஸ் அறையில் உருகி, சுவருக்குள் இறங்கிக் கசியும் தண்ணீர் இன்னொன்று. மூன்றாவது, காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த சுவரில் பட்டுத் துளியாவது. மேசையில் வைத்த ஐஸ் கிளாஸின் வெளிப்புறம் நனைவது போலத்தான் இது. இந்தக் கட்டுரை மூன்றாவதைப் பற்றியது. முதல் இரண்டும் இருந்தால் அதற்கு பைபர் பாஸ்தான் (படகின் பைபர் வேலை செய்பவர்) வேண்டும். எத்தனை மின்விசிறி போட்டாலும் ஒழுக்கு நிற்காது.

பிரித்தறிய ஒரு எளிய வழி இருக்கிறது. சந்தேகமான இடத்தை நல்ல தண்ணீரால் துடைத்துக் காய வையுங்கள். ஒரு முழத் துண்டு பொலித்தீனை அந்த இடத்தில் வைத்து நான்கு ஓரத்தையும் டேப்பால் இறுக ஒட்டுங்கள். ஐஸ் ஏற்றியிருக்கும் ஓர் இரவு அப்படியே விடுங்கள். காலையில் பொலித்தீனின் வெளிமுகம் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம். பொலித்தீனுக்குப் பின்னால், சுவர்ப் பக்கம் தண்ணீர் சேர்ந்திருந்தால் உள்ளிருந்து கசிகிறது. இரண்டு பக்கமும் நனைந்திருந்தால் முதலில் கசிவை அடைத்துவிடுங்கள்.

அதோடு இரண்டு சின்னக் கருவிகள் வாங்குங்கள். ஒன்று வெப்பநிலையும் ஈரப்பதமும் காட்டும் சின்ன டிஜிட்டல் மானி. மற்றது தொடாமல் வெப்பம் அளக்கும் துப்பாக்கி வடிவக் கருவி. கொரோனாக் காலத்தில் கடை வாசலில் நெற்றிக்கு நீட்டிய கருவி வீட்டில் கிடந்தால், அதில் பொருட்களை அளக்கும் முறை இருக்கிறதா என்று பாருங்கள். உடம்புச் சூட்டை மட்டும் காட்டும் வகை உதவாது. இரண்டும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் இலத்திரனியல் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும்.

கருவி கையில் வந்ததும் இந்த மூன்று எண்களை நினைவில் வையுங்கள். அறைக் காற்று 28 பாகை இருக்கும்போது,

ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் 22 பாகைக்குக் கீழே உள்ள சுவர் வேர்க்கும்.
80 சதவீதம் என்றால் 24 பாகைக்குக் கீழே.
90 சதவீதம் என்றால் 26 பாகைக்குக் கீழே.

பள்ளிக்கூடத்தில் பனிபடுநிலை என்று படித்தது இதைத்தான். கொழும்பில் இரவு ஈரப்பதம் 85, 90 என்று போவது சாதாரணம். ஆட்கள் படுத்திருக்கும் மூடிய அறையில் அதற்கு மேலும் போகும். ஆகவே உங்கள் இலக்கு ஒன்றுதான்: படுக்கையைச் சுற்றியுள்ள எந்தச் சுவரும் 26 பாகைக்குக் கீழே இறங்கக் கூடாது. சுவரைக் கட்டம் கட்டமாக அளந்து, எண்களை சோக்கால் சுவரிலேயே எழுதிப் போன் கமராவில் படம் எடுத்து வையுங்கள். பாஸிடம் வேலை சொல்லும்போதும், வேலை முடிந்த பிறகு ஒப்பிடும்போதும் அந்தப் படம் தேவைப்படும்.

2. நாள் பார்ப்பதும் கடதாசிகளும்

கொழும்பில் மழை குறைந்த காலம் ஜனவரி, பெப்ரவரி. மார்ச் நடுப்பகுதி வரை தாக்குப்பிடிக்கலாம். மே, ஜூனில் தென்மேற்குப் பருவமழை. ஒக்டோபர், நவம்பரிலும் கடும் மழை. அந்த மாதங்களில் பசையும் ரெசினும் சரியாகப் பிடிக்காது, கழுவிய மெத்தையும் காயாது. மே மாதத்தில்தான் படகு சும்மா நிற்கிறது என்றால் கழுவும் வேலையையும் மெத்தை வேலையையும் செய்துவிட்டு, ஐஸ் சுவரில் போம் ஷீட் ஒட்டும் வேலையை வெயில் காலத்துக்குத் தள்ளுங்கள்.

பயணங்களுக்கு இடையில் எவ்வளவு நேரம் வேண்டும்? ஐஸ் அறை முழுதாக வெறுமையாகி, கழுவி, மூடி திறந்தபடி இரண்டு மூன்று நாள் காய வேண்டும். அதற்குப் பிறகு ஒட்ட ஒரு நாள், பசை இறுக ஒரு நாள், பலகை அடிக்க ஒரு நாள். ஒரு முழுக் கிழமையை ஒதுக்கிக்கொண்டு தொடங்குங்கள். மீனை இறக்கிய மறுநாளே ஐஸ் ஏற்றச் சொல்லும் ஸ்கிப்பரிடம் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். இந்த வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் அவசரத்தால்தான்.

சாமான் வாங்கும் நாளையும் பார்க்க வேண்டும். ஹாட்வெயார் சாமானுக்குப் பழைய சோனகத் தெரு. வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் அங்கே நிறையக் கடைகள் மூடியிருக்கும். போயா நாளிலும் ஞாயிறிலும் நம்பிப் போக முடியாது. ஜூன் 13 கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழா. அதை ஒட்டிய நாட்களில் அந்தப் பக்கம் லொறி, ஓட்டோ கொண்டுபோக நினைக்க வேண்டாம்.

கடதாசிகள் அதிகம் இல்லை, ஆனால் முதலிலேயே ஒரு பைலில் போட்டுக்கொள்ளுங்கள். படகின் பதிவுச் சான்றிதழின் பிரதி, காப்புறுதிப் பத்திரத்தின் பிரதி, படகு உங்கள் பெயரில் இல்லையென்றால் உரிமையாளர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம், வேலையாட்களின் தேசிய அடையாள அட்டைப் பிரதிகள். துறைமுக வாசலில் பலகையும் ரெசினும் ஏற்றிய ஓட்டோவை நிறுத்தினால் இவற்றைக் காட்டிப் பேசலாம். எங்களை ஒரு முறை கடிதம் இல்லை என்று வாசலில் மறித்து, அரை நாள் கூலி வீணாகப் போனது. சாமான் வாங்கிய பற்றுச்சீட்டுகளையும் அதே பைலில் வையுங்கள்.

உள்சுவரில் ஒட்டும் வேலை சிறியது. ஆனால் தடுப்புச் சுவரை நகர்த்துவது, ஐஸ் அறையின் அளவை மாற்றுவது, மேல்தளத்தை வெட்டிப் புதுத் துவாரம் போடுவது என்று வந்தால், கை வைப்பதற்கு முன் மீன்பிடிப் பரிசோதகரிடமும் காப்புறுதிக்காரரிடமும் கேளுங்கள். பதில் எழுத்தில் கிடைத்தால் நல்லது. புறப்படுவதற்கு முன் படகைப் பார்வையிட வருவார்கள் அல்லவா, அந்த நேரத்தில் அறைக்குள் பாதி வேலை கிடக்கக் கூடாது.

3. உப்பை வெளியேற்றுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகத்தான் எல்லோருக்கும் ஆசை. தயவுசெய்து தாண்ட வேண்டாம்.

உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகவே கசிந்து தண்ணீராகும். மழைக்காலத்தில் உப்புப் போத்தல் நனைந்து கட்டியாவது அதனால்தான். கடல் உப்பு அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே நனையத் தொடங்கும். கொழும்புக் காற்று பெரும்பாலான இரவுகளில் 75க்கு மேலேதான் இருக்கிறது. ஆகவே உப்பு ஏறிய மெத்தை வெயிலில் கிடந்து காய்ந்தாலும் இரவு ஆனதும் மறுபடி ஈரமாகிவிடும். அந்த ஈரம் சுவரிலிருந்து வந்ததும் இல்லை, ஒழுகியதும் இல்லை. மெத்தையே காற்றிலிருந்து குடித்தது.

செய்ய வேண்டியது: மெத்தை, தலையணை, திரை, கயிறு, பெட்டி எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். சுவர், மெத்தை போடும் தட்டு, கூரையின் உட்புறம், தட்டுக்கு அடியிலுள்ள மூலைகள் எல்லாவற்றையும் சோப்புத் தூள் கரைத்த நல்ல தண்ணீரால் தேய்த்துக் கழுவுங்கள். அப்புறம் வெறும் நல்ல தண்ணீரால் இரண்டு முறை. துறைமுகக் குழாயில் வருவது நல்ல தண்ணீரா, கடல்நீரா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தளம் கழுவ கடல்நீர் பாவிக்கும் இடங்களும் உண்டு. இரண்டாம் முறை கழுவிய தண்ணீரில் கொஞ்சத்தை ஒரு கறுப்புத் தகட்டில் விட்டுக் காய வையுங்கள். வெள்ளைப் படலம் தடிப்பாக நின்றால் இன்னொரு முறை கழுவ வேண்டும்.

பூஞ்சணத்துக்குப் பிளீச் போடலாம். ஆனால் பிளீச்சோடு வினாகிரியையோ மலசலகூடம் கழுவும் அமிலத்தையோ சேர்க்கக் கூடாது. கலந்தால் நச்சு வாயு வரும். படுக்கை அறை போன்ற சின்ன இடத்தில் அது ஆளைச் சாய்த்துவிடும். முகக்கவசமும் கையுறையும் போட்டு, மேல்தளத்துத் திறப்பின் மூடியை (ஹட்ச் மூடி) திறந்து வைத்துச் செய்யுங்கள்.

பழைய பஞ்சு மெத்தை கடல்நீரில் ஊறியது என்றால் கழுவிக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம். அதை வெளியே போடுவதுதான் இந்த வேலையிலேயே பெரிய பலன் தரும் செலவு.

4. ஐஸ் சுவரை மூடுங்கள்

ஐஸ் அறைக்கும் படுக்கைக்கும் இடையில் உள்ள தடுப்புச் சுவருக்குள் போம் நிரப்பியிருப்பார்கள். புதிதாக இருக்கும்போது அது நன்றாகவே வேலை செய்யும். வருடங்கள் போகப் போக ஐஸ் அறையின் உள் பூச்சில் வெடிப்பு விழுந்து, உருகிய தண்ணீர் போமுக்குள் இறங்கிவிடும். நனைந்த போம் குளிரைத் தடுக்காது. பழைய படகில் படுக்கைப் பக்கச் சுவர் 18, 20 பாகை காட்டினால் உள்ளே போம் நனைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். சரியான வைத்தியம் ஐஸ் அறைப் பக்கம் வெட்டி, நனைந்த போமை எடுத்துப் புதிதாக நிரப்புவது. அது பெரிய வேலை, பெரிய செலவு. ஆனால் ஐஸும் மிச்சமாகும், மீனும் கெடாது. ஆகவே பணம் இருக்கும் வருடத்தில் அதைச் செய்யவே சொல்வேன்.

அதுவரைக்கும் படுக்கைப் பக்கமிருந்து மூடலாம். எவ்வளவு தடிப்பு? சுவர் 22 பாகை காட்டினால் 25 மில்லிமீற்றர் தடிப்புள்ள போம் ஷீட் அதை 25 பாகைக்கு ஏற்றிவிடும். 26ஐப் பிடிக்க 40 மில்லிமீற்றர் வேண்டும். 18 பாகை காட்டும் சுவருக்கு 50 மில்லிமீற்றர். வீட்டுக் கூரைக்கு அடியில் விரிக்கும் வெள்ளி முகம் வைத்த 5 மில்லிமீற்றர் ஷீட்டை ஒன்று மட்டும் ஒட்டினால் போதும் என்று கடையில் சொல்வார்கள். போதாது. வேர்ப்பது குறையும், நிற்காது. அதே ஷீட்டின் தடித்த வகையை அடுக்கடுக்காக ஒட்டலாம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது, போம் தண்ணீர் குடிக்காத வகையா என்பது. ஒரு துண்டைத் தண்ணீரில் அமுக்கிப் பிடித்து விட்டுப் பிழியுங்கள். தண்ணீர் வந்தால் வேண்டாம்.

ரிஜிபோம் என்ற வெள்ளைப் போம் மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் பொலியெஸ்டர் ரெசின் பட்டால் அது கரைந்து போகும். தகர டின்னில் வரும் பல ஒட்டுப் பசைகளும் அதைத் தின்றுவிடும். ரிஜிபோமை ஒட்டி மேலே பைபர் போடலாம் என்று யாராவது சொன்னால் ஒரு சின்னத் துண்டில் செய்து காட்டச் சொல்லுங்கள்.

ஒட்டும் முறைதான் முக்கியம். போமுக்கும் சுவருக்கும் இடையில் காற்று புக இடம் இருந்தால் அறையின் ஈரக் காற்று அந்த இடுக்கால் போய்க் குளிர்ந்த சுவரில் தண்ணீராகும். அப்போது தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது, போமுக்குப் பின்னால் பூஞ்சணம் வளரும். ஆகவே சுவர் முழுவதும் பசை பூசி, முழு முகமும் ஒட்ட அமுக்குங்கள். நான்கு மூலையில் மட்டும் பசை வைப்பது கூடாது. இரண்டு அடுக்கு என்றால் முதல் அடுக்கின் பொருத்துக்கு மேலே இரண்டாம் அடுக்கின் பொருத்து வராமல் மாற்றி வையுங்கள். எல்லாப் பொருத்தையும் ஓரத்தையும் அலுமினிய டேப்பால் மூடுங்கள். சுவர் கூரையோடும் தரையோடும் சேரும் மூலைகளில் ஒரு சாண் தூரம் போமைத் திருப்பிக் கொண்டுபோங்கள். குளிர் மூலை வழியாக ஓரத்துக்கு ஓடிவரும்.

மேலே மரைன் பிளைவுட் பலகை. அதைப் பிடிக்க ஐஸ் அறைச் சுவருக்குள் ஸ்குரூ போடக் கூடாது. ஒரு நீள ஸ்குரூ ஐஸ் அறையின் உள் பூச்சைத் துளைத்தால் அந்தத் துளையால் தண்ணீர் போமுக்குள் இறங்கும். எதைத் தடுக்க வந்தோமோ அதையே உண்டாக்கிவிடும். பலகையைத் தரைச் சட்டத்திலும் கூரைச் சட்டத்திலும் பிடியுங்கள். பாஸ் நல்ல வேலைக்காரராக இருந்தாலும் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள், வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். பலகையின் பின்பக்கத்துக்கும் வெட்டிய ஓரங்களுக்கும் பெயின்ட் அடித்த பிறகுதான் ஏற்ற வேண்டும்.

பசையின் ஆவி தலையைச் சுற்ற வைக்கும், தீப்பிடிக்கும். மூடிய அறைக்குள் சிகரட், அடுப்பு, பொறி பறக்கும் கிரைண்டர் எதுவும் வேண்டாம். போம் ஷீட்டுகள் எரிந்தால் நச்சுப் புகை வரும் என்பதால் அடுப்பை ஒட்டிய சுவரில் வெறும் போமை விடவே கூடாது.

வேலை முடிந்து ஐஸ் ஏற்றிய முதல் இரவே மறுபடி அளந்து பாருங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: மினுங்கும் அலுமினிய முகத்தில் வெப்பக் கருவி பிழையான எண்ணைக் காட்டும். அந்த இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டிச் சிறிது நேரம் விட்டு, அதன்மேல் அளக்க வேண்டும்.

5. மேல்தளம்

மழை இல்லாத தெளிந்த இரவுகளில் மேல்தளம் வானத்துக்குச் சூட்டை விட்டுக் காற்றைவிடக் குளிர்ந்துவிடும். மேலே பனி படும், அதே குளிரால் உள்ளே கூரையும் வேர்க்கும். படுத்திருப்பவரின் முகத்தில் துளி விழுவது இதனால்தான். மேல்தளத்துக்கு ஒரு அடி மேலே படங்கு ஒன்றைக் கட்டினால் குளிர்வது படங்குதான், தளம் தப்பிவிடும். பகலில் நிழலும் கிடைக்கும். கூரையின் உட்புறம் 10 மில்லிமீற்றர் போம் ஒட்டினால் பெரும்பாலும் போதும்.

6. மெத்தையும் தட்டும்

படுக்கும் ஆள் ஓர் இரவில் மூச்சாலும் வேர்வையாலும் கால் லீற்றருக்குக் குறையாத நீரை வெளியே விடுகிறார். அதில் ஒரு பங்கு மெத்தைக்குள் இறங்குகிறது. அடியில் ஒட்டுப்பலகை மூடியிருந்தால் அதற்குப் போக வழியில்லை. மெத்தையைப் புரட்டினால் மேல் காய்ந்தும் அடி நனைந்தும் இருப்பதைப் பார்க்கலாம்.

தட்டைச் சட்டப் பலகைகளாக மாற்றுங்கள். மூன்று அங்குலப் பலகை, ஒன்றரை அங்குல இடைவெளி. தட்டை மாற்ற முடியாது என்றால் இருக்கும் பலகையில் இரண்டு அங்குலத் துளைகளை நிறையப் போட்டு, மேலே கடினமான பிளாஸ்டிக் கட்ட வலை ஒன்றை விரியுங்கள். மெத்தை அதன்மேல் நின்றால் அடியில் காற்று ஓடும். தட்டுக்கு அடியில் வலை, கயிறு, அரிசி மூட்டை என்று அடைத்து வைத்தால் இத்தனையும் வீண்.

மெத்தை சுவரைத் தொடக் கூடாது. இது பலருக்கும் புதிதாகத் தெரியும்: மெத்தையைச் சுவரோடு அணைத்தால் அறையின் சூடு அந்த இடத்தில் சுவருக்குப் போவதில்லை, சுவர் இன்னும் குளிர்கிறது. மெத்தை மறைத்த இடத்தில்தான் முதலில் பூஞ்சணம் வரும். இரண்டு அங்குல இடைவெளி நிற்கும்படி ஒரு சட்டத்தைத் தட்டின் ஓரத்தில் அடித்துவிடுங்கள். சொல்லி வைத்தால் நிற்காது, சட்டம் அடித்தால் நிற்கும்.

றப்பர் பூசிய தும்பு மெத்தை காற்றோட்டத்துக்கு நல்லது, நம் நாட்டிலேயே செய்கிறார்கள், அளவுக்கு வெட்டியும் தருவார்கள். நான்கு அங்குலத் தடிப்பு போதும். முழுவதும் ரெக்சின் உறை போட்டுக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். மீன் இரத்தமும் கடல்நீரும் படாது என்பது உண்மைதான். ஆனால் வேர்வை உள்ளே அடைபடும். கால் பக்கத்துக்கு ரெக்சின், மற்றதெல்லாம் சிப் வைத்த பருத்தி உறை என்று தைக்கச் சொல்லுங்கள். ஒரு தட்டுக்கு இரண்டு உறை. உறையை நல்ல தண்ணீரில் மட்டும் துவைக்க வேண்டும்.

7. இப்போதுதான் காற்று

ஐஸ் சுவரை மூடாமல் காற்றை மட்டும் கூட்டினால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். 90 சதவீத ஈரமுள்ள வெளிக்காற்றை நாமே இழுத்துவந்து குளிர்ந்த சுவருக்குக் கொடுக்கிறோம். சுவர் இன்னும் வேகமாக வேர்க்கும். மின்விசிறி போட்ட பிறகு ஈரம் கூடிவிட்டது என்று சொல்பவர்களின் கதை இதுதான். சுவர் 26 பாகையில் நின்ற பிறகு அதே மின்விசிறி மூச்சின் ஈரத்தை வெளியே கொண்டுபோகும்.

காற்று உள்ளே வர ஒரு வழி, போக ஒரு வழி, இரண்டும் வேண்டும். உள்ளே வரும் துவாரம் தாழ, கால்மாட்டில். போகும் துவாரம் உயர, தலைமாட்டுக்கு மேலே. உள்வரும் துவாரம் எஞ்சின் புகைக்குழாய்க்குத் தூரமாக இருக்க வேண்டும், பின்காற்று அடித்தால் புகை எந்தப் பக்கம் வரும் என்று பார்த்து இடத்தைத் தெரிவு செய்யுங்கள். மேல்தளத்தில் வைக்கும் துவாரத்தை ஒரு பெட்டிக்குள் விடுங்கள்: வெளிக்குழாய் பெட்டியின் ஒரு முனையில், அறைக்குப் போகும் குழாய் மறு முனையில் தளத்திலிருந்து நான்கு அங்குலம் உயர்ந்து நிற்க வேண்டும், பெட்டியின் அடியில் தண்ணீர் வெளியேற ஓட்டைகள். அலை வந்து விழுந்தாலும் தண்ணீர் ஓட்டையால் போய்விடும், காற்று மட்டும் உள்ளே வரும்.

கணினிக்குப் போடும் 12 வோல்ட் மின்விசிறி, 120 மில்லிமீற்றர் அளவு, போதும். ஏறத்தாழ 0.2 அம்பியர் எடுக்கும். இரவு பத்து மணி நேரம் ஓடினாலும் 2 அம்பியர் மணிதான், பற்றரிக்குப் பாரமே இல்லை. உங்கள் படகு 24 வோல்ட் என்றால் அதற்கேற்ற மின்விசிறியைக் கேட்டு வாங்குங்கள். உப்புக் காற்றில் இவை சீக்கிரம் போய்விடும். மலிவு என்பதால் இரண்டைக் கூடுதலாக வாங்கி உறையிட்டு வையுங்கள். வயருக்கு பியூஸ் கட்டாயம்.

எப்போது திறப்பது? மழை இல்லாத நாளில் காலை பத்தரை, பதினொன்றிலிருந்து பிற்பகல் மூன்று வரை. ஹட்ச் மூடியைத் திறந்து, மெத்தைகளை நிமிர்த்தி வைக்க அதுதான் நேரம். மழை பெய்யும்போது மூடிகளை மூடி, மின்விசிறியை மட்டும் ஓட விடுங்கள். எந்த நிலையிலும் துவாரங்களைத் துணி வைத்து அடைக்கக் கூடாது. எஞ்சின் புகையும் கேஸ் அடுப்பின் புகையும் மூடிய அறையில் ஆளைக் கொல்லும்.

8. ஆட்களோடு பேச வேண்டியவை

ஒரு கிலோ சமையல் கேஸ் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவி வரும். அதோடு சோறு வடிக்கும் ஆவி வேறு. அடுப்பு கபினுக்குள் இருந்தால் சமைக்கும்போது படுக்கை அறைக் கதவு மூடியிருக்க வேண்டும், சமையல் பக்க ஜன்னல் திறந்திருக்க வேண்டும். கேஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் அடித்தளத்தில் போய்த் தங்கும். சிலிண்டரை வெளியே கட்டுங்கள்.

நனைந்த சாரமும் மழைக்கோட்டும் படுக்கை அறைக்குள் தொங்கக் கூடாது. வெளியே, படங்குக்கு அடியில் ஒரு கொடி கட்டிக் கொடுங்கள். இடம் கொடுக்காமல் சட்டம் போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். கடலில் நனைந்து வந்தவர் படுக்கப் போகுமுன் ஒரு போத்தல் நல்ல தண்ணீரால் கைகால் கழுவித் துடைத்தால் மெத்தைக்கு உப்பு ஏறாது. குடிதண்ணீருக்கே கணக்குப் பார்க்கும் பயணத்தில் இது ஸ்கிப்பரின் முடிவு. எங்கள் படகில் இதற்கென்று தனியாக ஒரு கான் ஏற்றுகிறோம்.

ஐஸ் உருகிய தண்ணீர் அடியில் தேங்கிக் கிடந்தால் அறையின் ஈரம் குறையவே குறையாது. பம்ப் அடித்த பிறகும் மூலையில் நிற்கும் தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுங்கள்.

9. வாங்க வேண்டாதவை

சுப்பர்மார்க்கெட்டில் விற்கும் ஈரம் உறிஞ்சும் டப்பா மூடிய அலுமாரிக்குத்தான் சரி. காற்றோடும் அறையில் அது கடலின் ஈரத்தை எல்லாம் குடித்துச் சீக்கிரம் நிரம்பும். உள்ளே சேரும் திரவம் கொட்டினால் தளத்தை வழுக்க வைக்கும், இரும்பை அரிக்கும். ஈரத்தை இழுக்கட்டும் என்று கிண்ணத்தில் உப்பு வைப்பது ஏன் பயனில்லை என்பது மூன்றாம் படியைப் படித்தவர்களுக்குத் தெரியும். கரிமூட்டை நாற்றத்தைக் கொஞ்சம் எடுக்கும், அவ்வளவுதான். மின்சார ஈரநீக்கி உண்மையில் நன்றாக வேலை செய்யும், நம் வெக்கையில் இன்னும் நன்றாக. ஆனால் கரையில் மின்சாரம் இருக்கும்போதுதான் ஓடும்; மழைக்காலத்தில் படகு நீண்ட நாள் கட்டி நிற்கும் என்றால் சில நாள் வாடகைக்கு எடுக்கலாம்.

10. எதற்கு முதலில் செலவழிப்பது

கழுவுவதற்கு உடம்புழைப்புத்தான். அளக்கும் கருவிகள், மின்விசிறி, வயர், டேப் எல்லாம் சில ஆயிரங்களில் முடியும். கூடிய பணம் போவது மெத்தைக்கும், போம், பலகைக்கும், பாஸின் கூலிக்கும். மொத்தமாகக் கையில் இல்லையென்றால் இப்படிப் பிரியுங்கள்: இந்தப் பயணத்துக்கு முன் உப்பைக் கழுவி, சுவர் ஓரச் சட்டத்தை அடித்து, படங்கைக் கட்டுங்கள். அடுத்த முறை ஐஸ் சுவர். அதற்கு அடுத்ததில் மெத்தைகளை ஒன்றாகவே தைக்கக் கொடுங்கள். தனித்தனியாகக் கொடுத்தால் தையல் கூலி கூடும். கூலியை நாள் கணக்கில் பேசாமல் வேலைக்கு இவ்வளவு என்று பேசி, பசை இறுகும் நாளுக்குக் காசு இல்லை என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். சாமானை நீங்களே வாங்கிக் கொடுத்தால் தடிப்புக் குறைந்த ஷீட் வந்து சேராது.

ஒவ்வொரு முறை ஐஸ் அறை வெறுமையாகும்போதும் டேப் ஓரங்களைக் கையால் தடவிப் பாருங்கள். பிரிந்த இடத்தை அன்றைக்கே காய வைத்து ஒட்டுங்கள். ஐஸ் ஏற்றிய மறுநாள் காலையில் பழைய படத்தில் உள்ள அதே கட்டங்களை மறுபடி அளந்து எழுதுங்கள். ஒரு கட்டம் மட்டும் பயணத்துக்குப் பயணம் குளிர்ந்துகொண்டே போனால் அந்த இடத்துக்கு நேரே ஐஸ் அறைக்குள் வெடிப்பு இருக்கிறது. அடுத்த முறை பைபர் பாஸை அங்கேதான் பார்க்கச் சொல்ல வேண்டும்.